மலைக்குளிருக்கு ஒரு தடித்த ஜக்கெட் போதுமா?

கேள்வி: களுவாஞ்சிக்குடி வாசகர், டிசெம்பர் 3

ஜனவரி நடுப்பகுதியில் குடும்பத்தோடு வான் வண்டியில் புறப்பட்டு, நுவரெலியாவும் ஹோட்டன் சமவெளியும் பார்த்துவிட்டு, சிவனொளிபாதமலை ஏறத் தீர்மானித்துள்ளோம். நான், மனைவி, நான்கு வயது மகள், அறுபத்தெட்டு வயதான என் தாயார். எங்களில் ஒருவரும் குளிரான இடத்தில் தங்கிப் பழகியதில்லை. ஆளுக்கொரு தடித்த ஜக்கெட் வாங்கினால் போதும், உள்ளே வழக்கமான பெனியனும் சேட்டும் போட்டுக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொல்கிறார். அது சரியா?

டிசெம்பர் 4, காலை

நுவரெலியாக் கடைத்தெருவில் நடந்து திரிவதற்குச் சரி. மலை ஏறுவதற்குச் சரியில்லை.

முதலில் எவ்வளவு குளிர் என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். உயரம் ஆயிரம் மீற்றர் கூடும்போது வெப்பநிலை சராசரியாக ஆறரைப் பாகை குறைகிறது. ஜனவரி விடியலில் மட்டக்களப்பில் 23 பாகை என்று வைத்துக்கொண்டால், 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 11 பாகையும், 2243 மீற்றர் உயரமான சிவனொளிபாதமலை உச்சியில் 8 அல்லது 9 பாகையும் வரும். ஹோட்டன் சமவெளி 2100 மீற்றர் அளவில்தான் இருக்கிறது என்றாலும், மேகமில்லாத இரவுகளில் குளிர்ந்த காற்று புல்வெளித் தாழ்வுகளுக்குள் வடிந்து தேங்குவதால், அங்கே இந்தக் கணக்கையும் மீறிக் குளிரும். ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் சில விடியல்களில் புல்லின்மேல் உறைபனி படிந்திருக்கும்.

8 பாகை பயங்கரமான குளிர் அன்று. உலர்ந்த உடம்போடு இருக்கும் எவரும் அதைத் தாங்கலாம். நாம் அங்கே நடுங்குவதற்குக் காரணம், உச்சிக்கு நனைந்து போய்ச் சேர்வதுதான். மலையடிவாரத்து ஊரான நல்லதண்ணியிலிருந்து உச்சிவரை ஏறத்தாழ 5500 படிகள், ஆயிரம் மீற்றர் ஏற்றம். படியேறும் உடம்பு சும்மா இருக்கும்போது உண்டாக்குவதைப்போல் பல மடங்கு வெப்பத்தை உண்டாக்கும். அதைத் தடித்த ஜக்கெட்டுக்குள் பூட்டினால் வியர்வை கொட்டும். பருத்திப் பெனியன் அதை முழுவதுமாகக் குடித்துவிட்டு முதுகோடு ஒட்டிக்கொள்ளும். உச்சியில் சூரியோதயத்துக்காக அசையாமல் நிற்கும்போது அந்த ஈரம் ஆவியாகி, மண்பானை தன் தண்ணீரைக் குளிர்விப்பதைப்போல உங்களைக் குளிர்விக்கும்.

இதற்கும் கணக்குண்டு. உள்ளாடைகளில் 200 மில்லிலீற்றர் வியர்வை ஊறியிருப்பதாகக் கொள்வோம். இது மிகையான அளவு அன்று. அது முழுவதும் ஆவியாவதற்கு ஏறக்குறைய 480 கிலோயூல் வெப்பம் வேண்டும். ஓய்ந்து நிற்கும் மனித உடம்பு உண்டாக்குவது ஏறத்தாழ 100 வாற்று. ஆக, எண்பது நிமிடம் உங்கள் உடம்பு உழைத்துத் தரும் வெப்பத்தை அந்த ஒரு பெனியன் தின்றுவிடக்கூடும். எந்த ஜக்கெட்டாலும் அந்த இழப்பை ஈடுசெய்ய முடியாது.

டிசெம்பர் 4, இரவு

காலையில் எழுதியதன் நடைமுறைப் பொருள் இதுதான்: புறப்படும்போது கொஞ்சம் குளிர வேண்டும். நல்லதண்ணியில் வானைவிட்டு இறங்கியதும் இதமாக இருந்தால், நீங்கள் அளவுக்கு மிஞ்சி உடுத்தியிருக்கிறீர்கள். ஜக்கெட் பையில் இருக்கட்டும்.

டிசெம்பர் 6

காசு எதற்கு, எவ்வளவு என்று கேட்டிருந்தீர்கள். என் தீர்ப்பு: உடம்போடு ஒட்டும் அடுக்குக்கும் காற்றையும் மழையையும் தடுக்கும் வெளி அடுக்குக்கும் முதலிடம் கொடுங்கள். நடுவில் வருவதற்கு எது கிடைத்தாலும் சமாளிக்கலாம். கடைகள் பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, நடுவில் வரும் தடித்த பொருளைத்தான் விற்கின்றன.

உள்ளடுக்குக்கு மெரினோ கம்பளி மிகச் சிறந்தது. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சினாலும் தொட்டால் ஈரமாகத் தோன்றாது, நாற்றமும் குறைவு. ஆனால் மட்டக்களப்பில் அதைத் தேடுவது வீண்வேலை. கிடைத்தாலும் விலை நம்மை வியர்க்க வைக்கும். அதற்கடுத்தது பொலியெஸ்டர். அந்த நார் நீரை உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். வியர்வை நூலிழைகளுக்கிடையே பரவி, வெளிப்பக்கம் போய் விரைவில் உலர்ந்துவிடும்.

அது உங்கள் வீட்டில் ஏற்கனவே இருக்கிறது. நம் பகுதியில் கிரிக்கெட்டோ உதைபந்தாட்டமோ விளையாடும் எந்த இளைஞனின் அலுமாரியைத் திறந்தாலும் கழகத்துக்கு அடித்த பொலியெஸ்டர் ஜேர்சிகள் அடுக்கடுக்காகக் கிடக்கும். உடம்போடு ஒட்டிய அளவில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மலையில் அது பெயர்பெற்ற எந்த நிறுவனத்தின் பருத்தி ரீசேட்டையும்விட நன்றாக வேலை செய்யும். நான் பல ஆண்டுகளாக அப்படித்தான் ஏறுகிறேன்.

அதோடு, இன்னொரு ஜேர்சியைக் காய்ந்தபடி பையின் அடியில் வையுங்கள். உச்சியை அடைந்தவுடன், தேநீருக்கு முன், புகைப்படத்துக்கு முன், நனைந்ததைக் கழற்றிவிட்டு அதை மாட்டுங்கள். அந்த ஒரு நிமிடம் மிகவும் கசப்பாக இருக்கும். அதன் பின் விடியும்வரை நிம்மதி.

டிசெம்பர் 7

ஜேர்சியின் முதுகில் பெயரும் இலக்கமும் இருக்குமே என்று ஒருவர் கவலைப்பட்டிருக்கிறார். அது உள்ளாடை, ஹோட்டன் சமவெளியின் 'உலக முடிவு' என்ற செங்குத்துப் பாறை விளிம்பில் நின்று ஜக்கெட்டைக் கழற்றினாலொழிய, நீங்கள் எந்தக் கழகத்தின் பன்னிரண்டாவது ஆட்டக்காரர் என்பது யாருக்கும் தெரியவராது.

டிசெம்பர் 9

நான் சில காலம் நம் மாகாணத்தில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்தேன். வெளியே கச்சான் காற்று அனலாய் வீசும்போது, பனிப்பிரதேசத்துக்குப் போகும் ஜக்கெட்டுகளை உள்ளே நாங்கள் குவித்துக்கொண்டிருப்போம். அங்கே கற்றவற்றில் பயன்படக்கூடியவற்றை எழுதுகிறேன்.

நடு அடுக்கின் வேலை காற்றைச் சிறைபிடிப்பது மட்டுமே. அசையாத காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மிக மந்தமானது. நீர் அதைவிட ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு வேகமாகக் கடத்தும். பிளீஸ் துணியின் பஞ்சுபோன்ற மேற்பரப்பு அந்தக் காற்றைப் பிடித்துவைக்கும். நனைந்தாலும் உதறினால் பெருமளவு நீர் போய்விடும். ஆனால் பிளீஸ் காற்றைத் தடுக்காது. துணியை வாயோடு வைத்து ஊதிப்பாருங்கள், மறுபக்கம் கையில் மூச்சுப் படும். ஆகவே அதன்மேல் மெல்லியதாயினும் காற்றுப் புகாத ஒன்று வேண்டும். மெத்தைபோல் தைத்த ஜக்கெட்டுகளில் வாத்துத் தூவி நிரப்பியவை மிகவும் இலேசானவை, மிகவும் இதமானவை. நனைந்தால் மட்டும் உருண்டு திரண்டு பயனற்றுப் போகும். மழையும் மேகமும் வியர்வையும் கலந்த நம் மலைநாட்டுக்குப் பொலியெஸ்டர் பஞ்சு நிரப்பியதே போதும்.

நுவரெலியாவின் பேல் பஜாரில் ஏற்றுமதியில் கழிந்த ஜக்கெட்டுகள் மலிவாகக் கிடைக்கும். ஏன் கழிந்தது என்று பார்த்து வாங்குவதுதான் சாமர்த்தியம். கைப்பகுதியும் உடற்பகுதியும் சற்று நிறம் மாறியிருப்பது, ஒரு தையல் விட்டுப்போயிருப்பது, சின்னம் கோணலாக இருப்பது ஆகிய குறைகளால் குளிருக்கு ஒரு பாதகமும் இல்லை. மழை ஜக்கெட்டானால் உள்பக்கத்தைத் திருப்பித் தையல்களைப் பாருங்கள். ஊசித் துளைகளை மூடி ஒட்டிய நாடா எல்லாத் தையல்களிலும் விளிம்புவரை ஒட்டியிருக்க வேண்டும். தோளிலோ தொப்பியிலோ அது உரிந்திருந்தால் அந்த ஜக்கெட் மழைக்கு உதவாது. பின்னர் இரண்டு துளி நீரை மேலே தெளியுங்கள். முத்தாக உருண்டால் நல்லது. பரவி ஊறினால் மேற்பூச்சு போய்விட்டது.

விலைச்சீட்டையும் நார்ச்சீட்டையும் நம்பாதவர்கள் உள்மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவி எரித்துப் பார்க்கலாம். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிக் கறுத்த மணியாக உறையும். கம்பளி மயிர் கருகிய நாற்றம் வீசும். கடைக்காரர் முன்னிலையில் செய்ய வேண்டாம்.

டிசெம்பர் 10

"இங்கேயே வாடைக்காலத்தில் கல்லடிப் பாலத்தால் மோட்டார் சைக்கிளில் போனால் பல் கிட்டுகிறது. அங்கே இதைப்போல் இரண்டு மடங்கு தடிப்பு வேண்டாமா?" என்று ஒரு நண்பர் கேட்கிறார்.

நல்ல உதாரணம், ஆனால் அது எதிர்ப்பக்கத்துக்குச் சாட்சி சொல்கிறது. அந்தப் பாலத்தில் 20 பாகைக்குக் கீழே போவது அரிது. பல் கிட்டுவது ஈரச் சேட்டின்மேல் வாவிக்காற்று அடிப்பதால். அதே சேட்டின்மேல் மலிவான மழைக்கோட் ஒன்றை மாட்டிக்கொண்டு போய்ப்பாருங்கள், நடுக்கம் நின்றுவிடும். தடிப்பு ஒன்றும் கூடவில்லை, காற்று மட்டும் நின்றது. உச்சியில் 8 பாகையில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசினால், திறந்திருக்கும் தோலுக்கு அது 4 பாகைபோல் உறைக்கும். அந்த நாலு பாகையை வாங்கித்தருவது ஒரு மெல்லிய நைலோன் துணி.

1969இல் அமெரிக்கரான பொப் கோர் டெஃப்லோனைச் சட்டென்று இழுத்து நுண்துளைப் படலமாக்கிய பின்னர், மழையைத் தடுத்துக்கொண்டே வியர்வை ஆவியை வெளியே விடும் துணிகள் வந்தன. கோர்-டெக்ஸ் என்பது அதுதான். இரவல் கிடைத்தால் விடாதீர்கள். இந்தப் பயணத்துக்காக வாங்கத் தேவையில்லை; அக்குளின்கீழ் காற்றோட்ட ஸிப் உள்ள சாதாரண மழை ஜக்கெட் போதும்.

டிசெம்பர் 13

மருதமுனையிலிருந்து கண்டனம் வந்திருக்கிறது. கைத்தறிச் சாரத்தை நான் அவமதித்துவிட்டேனாம். சாரத்தைப்பற்றி நான் ஒரு வார்த்தையும் எழுதவில்லை, பருத்தியை எழுதினேன். இருந்தாலும் இரண்டு நாள் யோசித்ததில், பருத்தியை ஒரேயடியாக ஒதுக்கும் தொனியில் 4ஆம் திகதிக் குறிப்பு அமைந்திருப்பது உண்மை என்று படுகிறது. ஆகவே வரையறை செய்கிறேன்.

பருத்தி ஆகாது என்பது வியர்க்கும் தோலோடு ஒட்டியிருக்கும்போதுதான். காய்ந்த பருத்தி காற்றை நன்றாகவே சிறைபிடிக்கும். நல்ல தடிப்பான மருதமுனைச் சாரம் ஒன்றைப் பையில் காயவைத்துக் கொண்டுபோனால், உச்சியில் ஜக்கெட்டுக்குள்ளே தோளைச் சுற்றிப் போர்வையாகும், நனைந்ததை மாற்றும்போது மறைப்பாகும், உறங்கும் பிள்ளைக்கு விரிப்பாகும், விடுதியில் கட்டிக்கொள்ளவும் ஆகும். இத்தனை வேலை செய்யும் ஒரு பொருளை எந்த மலையேற்றக் கடையிலும் நான் கண்டதில்லை. ஏறும்போது மட்டும் அதைக் கட்டிக்கொண்டு ஏறாதீர்கள், படி தடுக்கும்.

ஜீன்ஸுக்கு என்னிடம் இந்த இரக்கம் இல்லை. நனைந்தால் பாரமாகும், விடியும்வரை காயாது, முழங்காலில் ஒட்டும். விளையாட்டுக் காற்சட்டை போடுங்கள்.

டிசெம்பர் 14

பெண்கள் உடையைப்பற்றி நான் எழுதவேயில்லை என்பது நியாயமான குறை. என் மனைவியிடமும் காத்தான்குடியிலுள்ள குடும்ப நண்பர்களிடமும் கேட்டு எழுதுகிறேன்.

பருத்திச் சுடிதாரின்கீழ் பொலியெஸ்டர் லெகின்ஸ், மேலே உட்புறம் ஒரு மெல்லிய ஜேர்சி என்றால் தோற்றமும் மாறாது, உள்ளடுக்கும் சரியாகிவிடும். சேலை கட்டித்தான் ஏறுவேன் என்று தாயார் சொன்னால் வாதாட வேண்டாம்: பருத்திச் சேலைக்குப் பதிலாகச் செயற்கைப் பட்டு, உள்ளே லெகின்ஸ், ரவிக்கைக்கு மேல் முன்பக்கம் திறக்கும் பிளீஸ். தலைக்கு மேலால் கழற்ற வேண்டிய சுவெட்டர் சேலைக்குச் சரிவராது. அபாயா அணிபவர்களுக்கு ஒரு வசதி இயல்பாகவே உண்டு. பொதுவாக அது நெருக்கமாக நெய்த பொலியெஸ்டர் துணி. காற்றை ஓரளவு தடுக்கும், விரைவில் காயும். ஹிஜாப் கழுத்தையும் காதையும் தலையையும் மூடிவிடுவதால், மற்றவர்கள் தனியாக வாங்கவேண்டிய குல்லாவும் மப்ளரும் அவர்களுக்கு வேண்டியதில்லை. உள்ளே போடுவதை மாற்றினால் போதும்.

டிசெம்பர் 17

மகளைப்பற்றி. நான்கு வயதுப் பிள்ளை பாதித் தூரத்துக்குமேல் நடக்காது, நீங்கள் தூக்குவீர்கள். அப்போது ஒரே இடத்தில் இரண்டு காலநிலை உண்டாகும்: தூக்குபவர் வியர்த்து வழிவார், தோளில் இருக்கும் பிள்ளை அசையாமல் காற்றைத் தாங்கிக்கொண்டிருக்கும். எனக்குச் சூடாக இருக்கிறதே என்று தகப்பன் பிள்ளையின் ஜக்கெட்டையும் கழற்றுவதை எங்கள் கோயில் குழுவோடு போகும்போதெல்லாம் பார்க்கிறேன். உங்கள் உடம்பை வைத்து அவளை அளக்காதீர்கள். பிடரிக்குள் கையைவிட்டுப் பாருங்கள். அங்கே ஈரமாக இருந்தால் ஓர் அடுக்கைக் குறையுங்கள். குளிர்ந்திருந்தால் ஓர் அடுக்கைக் கூட்டுங்கள். விரலும் மூக்கும் குளிர்ந்திருப்பது பெரிய செய்தி அன்று.

தாயாருக்கும் இதே நியாயம் பொருந்தும். மெதுவாக ஏறுபவர் உண்டாக்கும் வெப்பம் குறைவு. வழியில் அமரும் நேரம் அதிகம். ஆகவே உங்களுக்கு நான் சொன்ன "குளிரோடு புறப்படுங்கள்" என்ற யோசனை அவருக்கு இல்லை. அவர் பிளீஸோடு புறப்படட்டும். டிசெம்பர்ப் பௌர்ணமியான உந்துவப் போயா முதல் மே மாதப் பௌர்ணமியான வெசாக் போயா வரையான பருவத்தில் வழிநெடுகத் தேநீர்க் கடைகள் திறந்திருக்கும். முடியாவிட்டால் ஒரு கடையில் துணையோடு இருத்திவிட்டுப் போகலாம்; அப்போது உங்கள் ஜக்கெட்டைக் கேட்காமலே எடுத்துக்கொள்வார், தயாராக இருங்கள்.

டிசெம்பர் 18

மாற்று உடைகளைப் பொலித்தீன் பைக்குள் கட்டிக்கொண்டு போகலாம் என்று யாரும் நினைக்க முதல்: ஹோட்டன் சமவெளியின் நுழைவாயிலில் பைகளைச் சோதித்துப் பொலித்தீனை வாங்கிவிடுவார்கள். தண்ணீர்ப் போத்தலின் உறையைக்கூட உரித்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். மழைத்துணியில் தைத்த சுருக்குப்பை ஒன்று செய்துகொள்ளுங்கள். பழைய குடைத்துணியே போதும்.

ஒன்று மறந்துவிட்டேன். நீங்கள் புறப்படும்போது மட்டக்களப்பில் மாரிமழை விட்டிருக்காது. வானின் கூரையில் பயணப்பைகளைக் கட்டினால், செங்கலடி தாண்டிப் பதுளை வீதியில் ஏறி, மகாஓயா வருவதற்குள் குளிருடைகள் அனைத்தும் நனைந்திருக்கும். அவற்றை இருக்கைக்கடியில் வையுங்கள்.

டிசெம்பர் 22

கால். இரண்டு சோடிக் காலுறைகளை இறுக்கமான சப்பாத்துக்குள் திணித்தால் குளிர் கூடும், ஏனெனில் இரத்தவோட்டமும் காற்றும் இரண்டுமே நசுங்கிவிடுகின்றன. ஒரு சோடி, தடிப்பான செயற்கை நாரில். மாற்றுச் சோடி ஒன்று பையில்.

கைக்குப் பிளீஸ் கையுறை. சிவனொளிபாதமலையின் மேற்பகுதியில் செங்குத்தான படிகளில் இரும்புக் கைப்பிடியைப் பிடித்து ஏற வேண்டும். விடியலுக்கு முன் அந்த இரும்பு வெறுங்கையை எரிக்கும்.

டிசெம்பர் 27

அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர், நேபாளத்தில் முக்திநாத் போவதற்கும் இதே அடுக்குகள் போதுமா என்று கேட்டிருக்கிறார். கேள்வி கொஞ்சம் தள்ளிப்போனாலும் கொள்கை ஒன்றுதான் என்பதால் எழுதுகிறேன்.

முக்திநாத் 3700 மீற்றருக்கு மேல் உள்ளது. உள்ளடுக்கும் வெளியடுக்கும் இவையே. நடுவில் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு வேண்டும், பிளீஸும் பஞ்சு நிரப்பிய ஜக்கெட்டும். வழியிலுள்ள காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் நண்பகலுக்குப் பின் காற்று மிகக் கடுமையாக வீசும். ஜொம்சொம் விமானங்கள் காலையில் மட்டும் பறப்பதற்கு அதுவே காரணம். அங்கே காற்றுத்தடுப்பு இல்லாத பிளீஸ் வலைபோலத்தான். கோயிலில் 108 நீர்த்தாரைகளின்கீழ் தலைநனைத்து ஓடுவது வழக்கம். நேர்த்தி உள்ளவர்கள் செய்யத்தான் போகிறார்கள். துவாய், முழு மாற்றுடை, குல்லா ஆகியவற்றை முதலில் வேண்டியது மேலே இருக்கும்படி பையில் அடுக்கி, துணைக்கு வருபவரின் கையில் கொடுத்துவிட்டு இறங்குங்கள். அந்த உயரத்தில் தலையிடியும் குமட்டலும் வந்தால் அது குளிர் அன்று. எந்த உடையாலும் தீராது, கீழே இறங்க வேண்டும்.

ஜனவரி 2

களுவாஞ்சிக்குடி அன்பர் மீண்டும் எழுதியிருக்கிறார். ஜேர்சிகளும் மழை ஜக்கெட்டுகளும் சேர்ந்துவிட்டன, பஞ்சு ஜக்கெட் தனக்கு மட்டும் இல்லை, புதிதாக வாங்கலாமா என்கிறார்.

வாங்காதீர்கள். நம் கரையோர வெக்கையிலும் ஈரக்காற்றிலும் இந்த உடைகள் அலுமாரிக்குள் இருந்தே அழிகின்றன. மழை ஜக்கெட்டின் உட்பூச்சான பொலியூரதேன் ஈரப்பதத்தால் சிதைந்து பிசுபிசுத்து, சில ஆண்டுகளில் பொருக்குப் பொருக்காக உதிரும். பஞ்சு ஜக்கெட்டைச் சுருட்டிக் கட்டிவைத்தால் பஞ்சு படிந்து, மறுமுறை எடுக்கும்போது பாதி இதம் போயிருக்கும். எப்போதாவது ஒருமுறை மலைக்குப் போகும் குடும்பத்துக்கு இரவல்தான் சரியான ஏற்பாடு. திரும்பி வந்ததும் துணி மென்மையாக்கும் திரவம் எதுவும் சேர்க்காமல் சாதாரண சவர்க்காரத்தில் கழுவி, நிழலில் முழுவதும் காயவைத்து, கொழுவியில் தளர்வாகத் தொங்கவிட்டுக் கொடுத்தால் போதும்.

என்னிடம் ஒன்று இருக்கிறது, நடுத்தர அளவு. நடுத்தரம் என்பது ஐரோப்பியருக்கு. ஆகவே உங்களுக்கு ஜேர்சியும் பிளீஸும் உள்ளே போட இடம் இருக்கும். ஸிப் கொஞ்சம் இறுகும். பல்வரிசையில் மெழுகுதிரியைத் தேய்த்தால் ஓடும். பத்தாம் திகதிக்கு முன் யாரையாவது அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.